ஒரு வரிக்கு மட்டும் வாய் திறக்காதவர்

அவர் கால் செய்கிறவர். முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களுக்கு ஒரு மாதிரி, மேலே இழந்தவர்களுக்கு வேறு மாதிரி. பெரிய மருத்துவமனை ஒன்றின் பின்பக்கம், துணி வெளுக்கும் கூடத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் நீளமாக ஒரு பட்டறை இருக்கிறது. அவருடைய ஆயுளில் பாதிக்கு மேல் அதற்குள்தான் போயிருக்கிறது. பிளாஸ்டர் மாவைக் குழைத்து, அச்சு வார்த்து, அரத்தால் ராவி ராவி, சாயங்காலம் வெளியே வரும்போது தலைமுடி, புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். அதனால் பட்டறையில் அவருக்கு 'மாவுக்கட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. அது அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்ய வீட்டில் ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆள் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன.

வேலை என்று பார்த்தால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான். வெட்டுண்ட காலின் நுனியில் ஈரப் பிளாஸ்டர் பட்டையைச் சுற்றி, இறுகியதும் உருவி எடுத்து, அதற்குள் மாவை ஊற்றினால் அதே காலின் வெள்ளை அச்சு கிடைக்கும். எலும்பு உறுத்துகிற இடத்தில் மாவைக் கொஞ்சம் கூட்டி, சதை தாங்குகிற இடத்தில் கொஞ்சம் ராவி எடுத்து, அதன்மேல் சூட்டில் இளகிய பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்த வேண்டும். பிறகு ஆளை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடக்கவிட வேண்டும். "கடிக்குது" என்பார்கள். மறுபடியும் அரம். "சொந்தக் கால் மாதிரியே இருக்குமா?" என்று கேட்காத நோயாளி இல்லை. "இருக்காது. ஆனா பழகிடும்" என்பார். பக்கத்தில் நிற்கும் டாக்டர்கள் அவரை முறைப்பார்கள். பொய் சொல்லி ஒருத்தரைக்கூட அவர் நடக்க வைத்ததில்லை. இந்தக் குணம்தான் பிற்பாடு அவரை வம்பில் மாட்டிவிட்டது.

வீடு மூன்றாவது மாடியில், இரண்டு அறை. ஒரு அறையில் அவர் இருந்தார், இன்னொரு அறை சும்மா இருந்தது. மகள் கடல் தாண்டிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "சாப்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா?" அவர் ஆமாம், ஆமாம் என்பார். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஆனால் வைக்க மனசு வராமல் கொஞ்ச நேரம் அவளுடைய வீட்டுக் குழந்தைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறைக் கதவைப் பூட்டினால், ஞாயிறு பூசையில் "சமாதானம்" சொல்லிப் பக்கத்து ஆளுக்குக் கை கொடுக்கும் வரை அவர் குரலை அவரே கேட்டிருக்க மாட்டார். அப்படி ஒரு தனிமை. அதை யாரிடமும் சொல்லிக் குறைபட்டதில்லை. குறைபடவும்தான் ஆள் வேண்டுமே என்று நான் மறுபடியும் ஆரம்பித்தால் உங்களுக்கு அலுத்துவிடும்.

பூசைக்கு மட்டும் தவறமாட்டார். பிறந்தது முதல் கத்தோலிக்கர், ஞாயிறன்று கோவிலுக்குப் போகவில்லையென்றால் கால் அரிக்கும். வலது பக்கத் தூணை ஒட்டிய பெஞ்சு அவருடையது. எல்லோரோடும் சேர்ந்து எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லுவார். விண்ணையும் மண்ணையும் படைத்தவர், கன்னியிடம் பிறந்தவர், சிலுவையில் மாண்டவர் எல்லாம் சரியாக வரும். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், 'உடலின் உயிர்ப்பை', அதாவது செத்தவர்கள் ஒருநாள் உடம்போடு எழுவார்கள், என்ற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வார். அந்த வரி போனதும் மறுபடியும் சேர்ந்துகொண்டு ஆமென் சொல்லி உட்கார்ந்துவிடுவார். நூறு குரலுக்கு நடுவில் ஒரு குரல் ஒரு வரிக்கு இல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? யாருக்கும் தெரியவில்லை.

அதற்குக் காரணம் அவர் மனைவி. நரம்பு ஒவ்வொன்றாக அவிந்துபோகிற ஒரு நோய் அவளுக்கு. முதலில் விரல்கள், அப்புறம் கை, அப்புறம் இடுப்புக்குக் கீழே முழுவதும். ஊருக்கெல்லாம் கால் செய்து கொடுத்தவர், இருக்கிற கால் இரண்டும் நடக்காமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரேதான் குளிப்பாட்டினார், புரட்டிப் படுக்க வைத்தார், முதுகில் புண் வராமல் பவுடர் போட்டார். மகள் ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னபோது "என் பொண்டாட்டியைப் புரட்ட எனக்குத் தெரியாதா?" என்று போனில் கத்தினார். கடைசி நாட்களில் ஒரு மத்தியானம், தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "இந்த ஒடம்போட பட்டது போதுங்க. அங்க போயும் மறுபடி இதே ஒடம்பு எனக்கு வேண்டவே வேண்டாம். நீங்க பூசைக்குப் போறப்ப ஆண்டவர்கிட்டச் சொல்லிடுங்க." பாதி கேலியாகத்தான் சொன்னாள். மீதிப் பாதி கேலி இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

அவள் போனதற்கு அடுத்த ஞாயிறு அந்த வரி வந்தது. அவரால் சொல்ல முடியவில்லை. கடவுள் அந்த உடம்பை எழுப்பினால் அவளுக்குச் செய்கிற கொடுமை. எழுப்பாவிட்டால் இத்தனை வருஷம் சொன்னது பொய். எந்தப் பக்கம் புரட்டினாலும் உறுத்தியது. அதோடு வாயை மூடியவர்தான்.

இப்படி இருக்கும்போதுதான் பெல்ட்டக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

பெல்ட்டக்கா என்பது பட்டறையில் பெல்ட்டும் வாரும் தைக்கிறவள். கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இடுப்போடு சேர்த்துக் கட்ட ஒரு வார் வேண்டும், அது அவள் தையல். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை, சித்தி வளர்த்த பெண், இப்போது ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். அவள் தையல் மிஷின் நிற்கும்போது வாய் ஓடும், வாய் நிற்கும்போது மிஷின் ஓடும். சின்னவர்களும் பெரியவர்களும் அவளை அக்கா என்றார்கள். அவள் மட்டும் அவரை அந்தப் பட்டப்பெயரால் கூப்பிடாமல் "அண்ணே" என்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரே வெட்டுமேசையின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் டப்பாவைத் திறப்பார்கள். அவள் பேசுவாள், அவர் மெல்லுவார். இதுதான் பல வருஷப் பழக்கம்.

கோவிலின் கடைசி பெஞ்சில் அவளை ஒருமுறை அவர் பார்த்திருந்தார். யாரோ கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். கூட்டிக்கொண்டு வந்தது தான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"அண்ணே, ஒரு வருஷமா உங்க கோயில்ல வகுப்புக்குப் போறேன்" என்றாள், டப்பா மூடியைத் திறக்காமல். "ஞானஸ்நானம் வாங்கப் போறேன். ஈஸ்டர் பாஸ்காவுக்கே குடுத்திருக்கணுமாம். நான் கேள்வி கேட்டுக் கேட்டு இழுத்துட்டேன்னு சாமியார் சொல்றாரு. இப்ப ஒரு ஞாயித்துக்கிழமை காலைப் பூசையில வெச்சிருக்காங்க. எனக்கு ஞானத்தகப்பனா நீங்கதான் நிக்கணும்."

அவருக்கு வாயில் போட்ட கவளம் அப்படியே நின்றது. "நானா?"

"பின்ன வேற யாரு? உங்களாலதானே வந்தேன்."

"நான் உங்கிட்ட சாமியைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லையேம்மா."

"அதான் வந்தேன்" என்றாள். "பேசறவங்களை நிறையப் பாத்தாச்சு. நீங்க தினமும் சோத்தைத் தொடறதுக்கு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு அசையாம உக்காந்திருப்பீங்க. கன்னத்துல கண்ணீர் வழியும். துடைக்கக்கூட மாட்டீங்க. எனக்கும் வாழ்க்கையில ஒருத்தர்கிட்ட அப்படி உக்காரணும்னு இருந்துச்சு. யாருகிட்டன்னு பாக்கத்தான் கோயிலுக்கு வந்தேன்."

இங்கே வாசகர்களுக்கு ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மாவுத் தூசி பட்டுப் பட்டு அவர் கண் கெட்டுப்போயிருந்தது. கண் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். மத்தியானம் கை கழுவும்போது தொட்டியடியில் இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டு, டாக்டர் சொன்னபடி கண்ணை மூடி ஆடாமல் அசையாமல் மேசையில் உட்காருவார். மருந்து கொஞ்சம் வெளியே வழியும். கையால் தொடக்கூடாது என்பதும் டாக்டர் சொன்னதுதான். ஜெபமாவது ஒன்றாவது! அந்த நேரத்தில் அவர் பெரும்பாலும் சாயங்காலம் என்ன சமைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பார்.

அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். பொய் சொல்லி யாரையும் நடக்க வைக்காத மனிதர்தானே. சொல்லவில்லை. ஏன் என்றால் சந்தோஷம். மனைவி போனபிறகு 'நீங்கதான் வேண்டும்' என்று அவரைப் பார்த்து ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் மனிதர் தலையை ஆட்டிவிட்டார். "அண்ணனா இருந்தவருக்கு அப்பாவா பதவி உயர்வு" என்று பெல்ட்டக்கா பட்டறை முழுக்கத் தண்டோரா போட்டாள். அன்றைக்கு நடந்தே வீட்டுக்குப் போனார். ஞாயிறுவரை காத்திருக்காமல் அன்று ராத்திரியே மகளுக்கு அவரே போன் செய்து சொன்னார். "அப்படியாப்பா! நல்ல சட்டையாப் போட்டுக்கோங்க" என்றாள் மகள். அன்று சும்மா இருந்த அறையைப் பெருக்கித் துடைத்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

சந்தோஷம் அடுத்த பூசை வரைக்கும் தாங்கியது. அந்த வரி வந்தது, வழக்கம்போல வாய் மூடியது, அப்போதுதான் உறைத்தது. இந்த வாயை வைத்துக்கொண்டு இன்னொருத்திக்கு ஞானத்தகப்பனா? அதுவும் சொட்டு மருந்தைப் பார்த்து வந்தவளுக்கு?

சாமியாரைத் தேடிப் போனார். கோவிலை ஒட்டிய பங்கு அலுவலகத்தில் சாமியார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிக்கிப்போன மைக் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், வேகமான ஆள், பிரசங்கத்தைக்கூடப் பஸ் பிடிக்கப் போகிறவர் மாதிரி முடித்துவிடுவார். "இந்த முனையைப் பிடிங்க" என்று ஒயரின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்துவிட்டு, "ம், சொல்லுங்க" என்றார்.

கால்காரர் எல்லாவற்றையும் சொன்னார். சொட்டு மருந்தைச் சொன்னபோது சாமியார் சிரித்துவிட்டார். அந்த வரியைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

"எத்தனை காலமா இப்படி?"

"அவ போனதிலேர்ந்து, சாமி."

"இவ்வளவு காலமா யார்கிட்டயும் சொல்லலையா? எனக்கு முன்னாடி இருந்த பெரியவர்கிட்டயாவது?"

"அவருக்குக் காது கேக்காது. பாவசங்கீர்த்தனத்துல பாவத்தைச் சொல்றதுக்கே கத்தணும். நான் நம்பிக்கை இல்லைன்னு கத்தினா வெளியே வரிசையில நிக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

சாமியார் ஒயரைக் கீழே வைத்தார். "சரி. நம்பலையா, புரியலையா, கோவமா? மூணும் வேற வேற."

அவர் யோசித்தார். வேலையில் ஒருவர் 'வலிக்குது' என்றால் அவரும் இப்படித்தான் கேட்பார், உறுத்துதா, இறுக்குதா, உராயுதா என்று. "புரியாம இருக்கறதும் உண்டு. ஆனா கோவம்தான் ஜாஸ்தின்னு நினைக்கிறேன்."

"யார் மேல?"

அதற்குப் பதில் வரவில்லை. சாமியாரும் வற்புறுத்தவில்லை.

"உங்க மனைவி நோவோட எழுந்திரிப்பாங்கன்னு திருச்சபை சொல்லலை" என்றார் சாமியார். "விதை ஒண்ணு, அதுலேர்ந்து வர்ற செடி வேற மாதிரின்னு வேதத்துல சின்னப்பரே எழுதியிருக்காரு."

"வேற மாதிரி வந்தா அது அவளா, சாமி?"

சாமியார் கீழே வைத்த ஒயரை மறுபடி எடுத்தார். "அவங்களேதான்னு நான் நம்பறேன். எப்படின்னு கேட்டா எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசினா உங்களை ஏமாத்தறதாகும்." பிறகு கொஞ்சம் கறாராகவே சொன்னார்: "சந்தேகம் வர்றது பாவம் இல்லை. அதைக் கேக்கவும் விடாம, தேடவும் விடாம, உள்ளேயே வெச்சு வளத்தீங்களே, அதுதான் தப்பு. அந்த அம்மா விஷயத்துல, நீங்க சும்மா உக்காந்திருந்ததை வெச்சு ஆண்டவர் ஒரு வேலை பாத்துக்கிட்டாரு. அதுக்கு நீங்க பொறுப்பு இல்லை. ஆனா இப்ப தெரிஞ்ச பிறகும் பேசாம இருந்தா அது உங்க பொறுப்பு. விசுவாசத்தைப் பகிர்ந்துக்கறதுன்னா நல்லவன் மாதிரி நடிக்கறது இல்லை. போய் உள்ளதைச் சொல்லுங்க."

"சொன்னா அவ வேண்டாம்னு போயிட்டா?"

"போகட்டும். பொய்க்காக நிக்கறதைவிட உண்மைக்காகப் போறது மேல். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. பெரியவங்களுக்கு ஞானஸ்நானம்னா கேள்விக்குப் பதில் அவங்களேதான் சொல்லணும். நீங்க பின்னால நின்னு தோள்ல கை வெச்சாப் போதும். வாயே திறக்க வேண்டாம்."

இது ஒரு வழிதான். ஆனால் மனிதருக்கு அது நிம்மதியைக் கொடுக்கவில்லை. வாய் திறக்காமல் தோளில் வைக்கிற கையும் பொய் சொல்லலாம் என்று அவருக்குத் தெரியும். ஒயரைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் மத்தியானம் மேசையில் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து வைத்தார். விஷயத்தைச் சொன்னார். அந்த வரியையும், மனைவி கேட்டுக்கொண்டதையும் சொன்னார். பேசிப் பழக்கமில்லாதவர் பேசினால் எப்படி இருக்கும்? முன்னதைப் பின்னாகவும் பின்னதை முன்னாகவும் போட்டு, நடுவில் நான்கு தடவை "அதாவது" சேர்த்து ஒருவழியாக முடித்தார்.

பெல்ட்டக்கா குப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப அந்தக் கண்ணீர் கடையில வாங்கினதா?" என்றாள்.

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவள் டப்பாவை மூடினாள், எடுத்துக்கொண்டு மிஷின் பக்கம் போய்விட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

தனிமை தனக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார் மனிதர். பழகவில்லை. வெட்டுமேசையின் எதிர்ப்பக்கம் காலியாக இருந்த அந்த நாட்களில் டப்பாவைப் பாதியிலேயே மூடிவிடுவார். மிஷின் ஓடும்போது அவள் வாய் ஓடவில்லை, நின்றபோதும் ஓடவில்லை. பட்டறையில் எல்லோருக்கும் புரிந்தது, ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பெரியவருக்கு அவர் செய்து கொடுத்த கால் மூன்று முறை கடித்தது. கடைசியில் அந்தப் பெரியவரே, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

ஒரு மத்தியானம் அவள் திரும்பி வந்தாள். எதிரே டப்பாவை டக்கென்று வைத்தாள்.

"ரொம்பக் கோவம் வந்துச்சு" என்றாள். "என்னை முட்டாளாக்கிட்டீங்கன்னு. அப்புறம் யோசிச்சேன். நீங்க ஆக்கலை, நானேதான் ஆனேன். போகட்டும். அந்த வரி இருக்கே, அதைப் பத்தி வகுப்புல சொன்னப்ப நான் ஒண்ணுமே கேக்கலை. அத்தனை கேள்வி கேட்டவ அதுக்கு மட்டும் சும்மா இருந்துட்டேன். இப்ப நீங்க சொன்னதிலேர்ந்து ராத்திரி பகல் அதே நினைப்பு."

"என்ன நினைப்பு?"

"எங்கம்மா நான் கைக்குழந்தையா இருக்கறப்பவே செத்துட்டாங்க. ஒரு போட்டோகூடக் கிடையாது. எல்லாரும் எழுந்து வர்ற அன்னிக்கு எனக்கு எங்கம்மா யாருன்னே தெரியாது, அண்ணே. பக்கத்துலயே நிப்பாங்க, நான் தாண்டிப் போயிடுவேன்." அவள் குரல் உடையவில்லை. தையல் அளவு சொல்வது போலச் சொன்னாள். அதுதான் அவரைக் கலக்கியது.

டப்பா மூடியைத் திறந்துகொண்டே அவளே கேட்டாள். "உங்க வீட்டுக்காரம்மா சொல்லச் சொன்னாங்களே, அந்த ஒடம்பு வேண்டாம்னு. நீங்க கடவுள்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"இத்தனை வருஷத்துல ஒருதடவைகூடவா?"

"சொல்ல மாட்டேன்!" என்றார். பட்டறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாவுக்கட்டு அவ்வளவு சத்தமாகப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டார், ஆனால் நிறுத்த முடியவில்லை. "நான் தூக்கி, கழுவி, துடைச்சு வெச்சிருந்த ஒடம்பும்மா அது. எனக்கு அது ஒரு நாளும் பாரமாத் தெரியலை. அதைப் போய் வேண்டாம்னு சொல்லிட்டா. என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? அவ ஒடம்புதான், வலி அவளுக்குத்தான், எல்லாம் சரி. ஆனா அதைத் தவிர எனக்கு அவளை வேற எதுல தெரியும்?"

சாமியார் கேட்டபோது வராத பதில் இப்போது வந்துவிட்டது. கோபம் கடவுள் மேல் இல்லை. அவள் மேல். செத்துப்போனவள்மேல் இத்தனை நாளாகக் கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறார், சமாதானம் செய்ய வேண்டியவளும் அவளே.

பெல்ட்டக்கா தன் டப்பாவிலிருந்து ஒரு பங்கை எடுத்து அவர் டப்பாவில் வைத்தாள். "நீங்கதான் நிக்கணும்" என்றாள். "எனக்கு அங்க வேற யாரையும் தெரியாது, அண்ணே."

ஞாயிறு காலை நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார். வழக்கமான தூண் பெஞ்சை விட்டு முன்வரிசையில் உட்கார்ந்ததே அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிரசங்கம் முடிந்ததும் சாமியார் கூப்பிட்டார். ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் அவள் நின்றாள், பின்னால் அவர், வலது கை அவள் வலது தோளில். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

பசாசை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டதற்கு அவள் பட்டறைக்குக் கேட்கிற சத்தத்தில் "விட்டுவிடுகிறேன்" என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்து விசுவாசம். அது மூன்றே கேள்வி. தந்தையை நம்புகிறீர்களா? "நம்புகிறேன்." மகனை நம்புகிறீர்களா? "நம்புகிறேன்." மூன்றாவது கேள்வி நீளமானது. பரிசுத்த ஆவி, திருச்சபை, புனிதர்களின் உறவு, பாவ மன்னிப்பு, உடலின் உயிர்ப்பு, முடிவில்லாத வாழ்வு எல்லாம் ஒரே மூச்சில் வரும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில். ஒரு வரிக்கு மட்டும் வாயை மூடுகிற வசதி அதில் கிடையாது.

சாமியார் கேட்டு முடித்தார். அவள் பதில் சொல்லவில்லை.

சபை காத்திருந்தது. ஒருவர் இருமினார். மறந்துவிட்டாள் என்று நினைத்து சாமியார், "நம்புகிறீர்களா?" என்று மட்டும் மெதுவாக மறுபடி கேட்டார். அப்போதும் அவள் பேசவில்லை. அவர் கைக்கு அடியில் அந்தத் தோள் இறுகிப்போயிருந்தது, மூச்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவ்வளவு பெரிய கோவிலில் அவள் எந்த வார்த்தையில் நின்றுவிட்டாள் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அடையாளம் தெரியாத கூட்டத்துக்கு நடுவில் நின்று தேடிக்கொண்டிருக்கிறாள். அவளைத் தனியாக அங்கே நிற்கவிட அவருக்கு மனசு வரவில்லை.

"நம்புகிறேன்" என்றார் அவர்.

மைக் பக்கத்திலேயே இருந்ததால் கோவில் முழுக்கக் கேட்டது. சாமியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். அவரை யாரும் கேட்கவில்லை, சடங்கில் அப்படி ஓர் இடமும் இல்லை. அவருக்கே தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அந்த வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அவர் கைக்கு அடியில் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது.

"நம்புகிறேன்" என்றாள் அவள். சாமியார் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தண்ணீரை மொண்டார்.

பூசை முடிந்து எல்லோரும் கை கொடுத்துவிட்டுப் போனபிறகு கோவில் வாசற்படியில் இரண்டு பேர்தான் நின்றார்கள். அவளை அழைத்துப்போக வீட்டார் யாரும் வரவில்லை, அவருக்கும் திரும்பிப்போக அவசரம் இல்லை. அவள் தலையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நிஜமாத்தான் சொன்னீங்களா?" என்றாள்.

"எவ்வளவு நம்பறேன்னு தெரியலைம்மா" என்றார். "அவ வேண்டாம்னாலும் எனக்கு அவ வேணும். அது மட்டும்தான் தெரியும்."

அவள் தலையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "நீங்க எனக்கு மூத்தவர். எனக்கு முன்னாடி போயிடுவீங்க" என்றாள், இதைச் சொல்வதில் என்ன தப்பு என்பது போல. "அங்க எங்கம்மாவைப் பாத்தா, எனக்குக் காட்டிக்குடுங்க."

"நான் அவங்களைப் பாத்ததே இல்லையேம்மா. எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னை அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருப்பாங்களாம். சித்தி சொல்லும். கண்ணாடியில பாக்கற எனக்கு அடையாளம் தெரியாது, எதிர்ல இருந்து பாக்கற உங்களுக்குத் தெரியும்."

இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், அவள் முகத்தை அவர் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. நெற்றி கொஞ்சம் அகலம். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. "இது?" என்றார். "அது நான் விழுந்தது, அதை விட்டுடுங்க" என்றாள். மூக்கு, தாடை, காது ஒட்டியிருக்கிற விதம் எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டார்.